மல்லிச்செடியும் வலது கையும்

இலையைக் கிள்ளக் கூடாது, உருவ வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழே இழுத்தால் பட்டையும் சேர்ந்து உரிந்து கணு பாழாகிவிடும், இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பாளையங்கோட்டையில் மல்லிச்செடி வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர், ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனைக்குச் சொன்னபடி பூக்க வைக்கிறவள் நான் ஒருத்திதான். பெருமையா என்று கேட்டால் ஆமாம், பெருமைதான், இதில் என்ன ஒளிவுமறைவு. கிறிஸ்மஸ் மாதிரி ஈஸ்டர் ஒரே தேதியில் உட்கார்ந்திருக்காது, ஒரு வருஷம் மார்ச் கடைசியில் வந்து நிற்கும், ஒரு வருஷம் ஏப்ரல் கடைசிக்கு ஓடிப்போகும், அது ஓடுகிற பக்கமெல்லாம் நானும் கத்திரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். புதுக் காலண்டர் வந்ததும் ஊரே லீவு நாளைப் பார்க்கும், நான் ஈஸ்டரைப் பார்த்து அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வருவேன். பண்டிகை சீக்கிரம் வந்தால் மார்கழிக் குளிரிலேயே வெட்டிவிட வேண்டும், தாமதமாக வந்தால் பொங்கல் கழிந்து வெட்ட வேண்டும், வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்திக் காயப்போட வேண்டும், இலை தொங்கிச் செத்துப்போனது போல ஆக வேண்டும், அப்போதுதான் வெட்டினதும் பயந்துபோய் மொட்டாகக் கொட்டும். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு பூ இருக்காது, பலிபீடமே மூளியாக இருக்கும், ஞாயிறு விடியும்போது மரச்சிலுவையில் என் சரம் கிடக்கும், வாசல் வரைக்கும் மணக்கும். போதகர்கள் மாறி மாறி வந்தார்கள், சரம் மாறவில்லை. இந்த வருஷம் ஈஸ்டர் தாமதம், வெட்ட வேண்டிய நாள் இன்றைக்குத்தான், இன்றைக்கென்று பார்த்துத்தான் எப்சி டிரைவரோடு காரை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து வருகிறாள். எப்சி என் தங்கை, ஹெப்சிபா என்று அப்பா ஆசையாக வைத்த பேர். நேற்றுப் போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள், "ரெண்டு பெட்டிய மட்டும் கட்டி வைக்கா, மத்தத நான் பாத்துக்கிடுதேன், வீட்டுக்கு வாடகைக்கு ஆளும் பாத்தாச்சு." வாடகைக்கு ஆள்! நான் இருக்கும்போதே என் அடுப்படியில் எவளோ ஒருத்தி கடுகு தாளிக்கப்போகிறாளாம். பெட்டி கட்டவில்லை. கட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்திருக்கிறேன், அது எப்சிக்குத் தெரியாது. மொட்டைமாடித் தொட்டியில் நிற்கிற இந்தச் செடியை என் வலது கையால் வெட்டி முடித்துவிட்டால் நான் இங்கேயேதான் இருப்பேன், யார் வந்து கூப்பிட்டாலும் சரி. முடியாமல் போனால் வாயைத் திறக்காமல் காரில் ஏறிவிடுவேன். இதில் இழுபறி கிடையாது.

இலை உருவுகிற வேலை இடது கையுடையது, வலதை வெட்டுக்காக ஓய்வில் வைத்திருக்கிறேன், பைனல் ஓடப்போகிற பிள்ளையை முதல் சுற்றிலேயே போட்டு விரட்டமாட்டோம் இல்லையா, அந்தக் கணக்கு. இத்தனை வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது. நவமணி டீச்சர் விசிலை வாயில் வைத்தாலே போதும், ஊத வேண்டாம், பள்ளிக்கூட மைதானம் முழுக்க நேராக நிற்கும். கிளாஸ் டீச்சர்கள் பிரம்பை வைத்துக்கொண்டு கத்துவார்கள், எனக்குப் பிரம்பு எதற்கு. அந்த உடம்புக்குத்தான் இப்படி ஆயிற்று. அக்டோபரில் ஒரு காலையில், மழை பெய்து ஓய்ந்திருந்தது, ஜன்னலோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், டம்ளர் கையிலிருந்து போனது. நழுவியது என்று சொல்லமாட்டேன், நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது தரையில் கிடந்தது. அதுதான் பயம். கை வலித்திருந்தால்கூடப் பயந்திருக்கமாட்டேன். ஆஸ்பத்திரியில் லேசான ஸ்ட்ரோக் என்றார்கள், லேசானது என்று சொல்லும்போது அந்த டாக்டர் சிரித்தார், அவர் டம்ளரா போனது. கால் திரும்பிவிட்டது, வாய்க்கோணல் சரியாகிவிட்டது, இந்தக் கை மட்டும் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்தைக் கொடுத்து அமுக்குங்கம்மா, அமுக்குங்கம்மா என்கிறாள், நாலு கிலோ இரும்புக் குண்டைத் தோளில் வைத்து வீசி மாநில அளவில் நின்ற கையை ஸ்பாஞ்சை அமுக்கச் சொல்கிறாள், சரி, அமுக்கினேன், தினமும் அமுக்கினேன், வெட்கப்பட்டுக்கொண்டே அமுக்கினேன். கிறிஸ்மஸுக்கு எப்சி வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நல்லவர்கள், ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் குறை. எழுந்தால் பிடிக்க ஆள், உட்கார்ந்தால் முதுகுக்குத் தலையணை, சாப்பாட்டை எப்சியே பிசைந்து வைத்து ஸ்பூனையும் செருகிக் கொடுத்தாள், குளியலறைக் கதவைத் தாழ்போடாதேக்கா என்றாள். தாழ்போடாமல் குளிக்கிற வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். இன்னும் ஒரு மாதம் அங்கே இருந்திருந்தால் மற்றக் கையும் தன் வேலையை மறந்திருக்கும்.

இந்தக் கிளை முடிந்தது, அடுத்தது, இலை நல்ல பச்சை, கெட்டியாக வருகிறது. இத்தனை நாள் சொட்டுத் தண்ணீர் விடாமலும் இந்தப் பச்சை. மார்கழி மழை பட்டுவிடக் கூடாதென்று தொட்டியை ஓவர்ஹெட் டேங்குக்கு அடியில் நகர்த்தி வைக்கச் சொல்லிக் காயப்போட்டேன், நடுவில் ஒரு தடவைதான் படியேறி வந்து பார்க்க முடிந்தது, அன்றைக்கும் வாடவில்லை, வளர்த்தவளைப் போலத்தான் இருக்கும் என்று போனில் எப்சியிடம்கூடச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இந்த உடம்பில் படி ஏறுவதே ஒரு வேலை, இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு மூச்சு. வேரடி மண்ணைக் கொஞ்சம் கிளறிவிடலாமே. வலது கை விரலைத்தான் முதலில் விட்டேன், வெதுவெதுப்புமில்லை, குளிர்ச்சியுமில்லை, காய்ந்த மண் போல ஒன்றுமில்லாமல் இருந்தது, சரி நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று நினைத்து விரலை எடுத்துப் பார்த்தால் நகக்கண்ணில் சேறு. சேறு! இடது கையை விட்டேன். ஈரம். மேலோட்டமான ஈரமில்லை, உள்ளே வரைக்கும் குளுகுளுவென்று, நேற்றும் முந்தாநேற்றும் அதற்கு முன்னாலும் ஊற்றின ஈரம். அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு கணுவிலும் இளம்பச்சையில் துளிர், தூங்க வேண்டிய நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது மூதேவி. விரதத்தில் போட்ட செடியை யாரோ விருந்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இப்படி இருந்தால் இலைதான் வரும், காடு மாதிரி இலை வரும், பூ வராது, வந்தாலும் ஈஸ்டர் கழிந்து ஊரடங்கினபிறகு வரும். எனக்கு வந்த கோபத்தில் விசில் இருந்திருந்தால் கிழியக் கிழிய ஊதியிருப்பேன். விசில் இல்லை, தொண்டை இருந்தது. "இங்க யாரு தண்ணி ஊத்துனது?" தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும், ஸ்ட்ரோக் தொண்டையைத் தொடவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கீழ்வீட்டுப் பிரமநாயகி மேலே ஓடிவந்தாள், கையில் காயப்போட எடுத்து வந்த ஈரச்சேலை. நல்ல மனுஷி, பிள்ளைகள் எல்லாம் வெளியூர், புருஷன் கடைக்குப் போய்விட்டால் வீட்டில் தனியாகத்தான் இருப்பாள். "என்ன டீச்சர், இப்படிச் சத்தம் போடுதிய, நான் பதறிப்போயிட்டேன்." "இதுல யாரு தண்ணி ஊத்துனது?" "நாந்தான். சாயங்காலம் துணி எடுக்க வரும்போது ஒரு வாளி ஊத்திருவேன். வாடிப்போய்க் கெடந்துச்சு டீச்சர், பாக்கப் பாவமா இருந்துச்சு. ஒங்களுக்குப் படி ஏற முடியலையேன்னுதான்." "நான் படி ஏற முடியாம விடல, வேணும்னு காயப்போட்டேன்." "செடிய யாராவது வேணும்னு காயப்போடுவாவளா?" "போடுவா. நான் போடுவேன். எத்தன வருசமா போடுதேன், நீங்க பாத்ததில்லையா?" "பாத்தேன், ஆனா இந்த வருசம் ஒங்களுக்கு மேலுக்குச் சொகமில்லைல்லா, அதான் மறந்துட்டியன்னு நெனச்சேன்." மறந்துவிட்டேனாம். கைதான் போயிற்று, மூளையும் போய்விட்டது என்று தீர்மானம் செய்து வாளி வாளியாக ஊற்றியிருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள், பாசம் பொங்கி வருகிறது, கேட்பதற்கு மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. பிரமநாயகியின் கண் கலங்கிவிட்டது, எனக்குக் கோபம் குறையவுமில்லை, அவளைத் திட்டவும் மனசு வரவில்லை, இரண்டும் சேர்ந்து நெஞ்சுக்குள் கிடந்தன. "சரி கத்திரியக் குடுங்க, நீங்க சொல்லச் சொல்ல நான் வெட்டுதேன், ரெண்டு நிமிசம்," என்று கையை நீட்டினாள். "வேண்டாம். நீங்க துணியக் காயப்போட்டுட்டுக் கீழ போங்க." கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவள் சேலையைக் கொடியில் விரித்துவிட்டு, கிளிப்பைக்கூடப் போடாமல், இறங்கிப்போனாள்.

வெட்டத்தான் வேண்டும். ஈரமோ காய்ச்சலோ, பண்டிகை தாமதம் என்பதால் கொஞ்சம் நாள் கையில் இருக்கிறது, இன்றைக்கு மொட்டையடித்தால் துளிரோடு சேர்ந்து அந்தத் திமிரும் போகும். கத்திரியை எடுத்தேன். ஸ்பிரிங் வைத்தது, சிவப்புப் பிடி, கொக்கியை விலக்கினால் வாயைத் திறந்துகொள்ளும், மூடுவதற்குத்தான் பலம் வேண்டும். மெல்லிசுக் குச்சிகள் நறுக் நறுக்கென்று விழுந்தன. பார்த்தாயா, என்று யாரிடமோ சொன்னேன். நடுக்கிளை பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன், அதுதான் பரீட்சை. கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, வைத்து அழுத்தினேன். கத்தி மரத்தில் பட்டது எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், விரல்கள் மடங்குவது போல மடங்கி, பாதியில், யாரோ கூப்பிட்டது போல நின்றுவிட்டன. கத்திரி வழுகி மடியில் விழுந்தது. சரி, முதல் வாய்ப்பு போயிற்று, மூன்று உண்டு, குண்டு எறிகிற யாருக்கும் மூன்று உண்டு. இரண்டாவது தடவை மூச்சை இழுத்து, தோளையும் சேர்த்துக்கொடுத்து அழுத்தினேன், பட்டையில் ஒரு கீறல். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன், நரம்பு புடைத்தது, கழுத்தில் வியர்த்தது, வெட்டுப்பட்டது, ஆனால் அது வெட்டில்லை, நசுங்கல், நார் நாராகப் பிய்ந்து தொங்கியது, இப்படி விட்டால் அந்தக் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே இறங்கும். யாரும் பார்க்கவில்லை. மாடியில் நானும் பிரமநாயகியின் சேலையும்தான். விழுந்துவிட்டதே, கிளை தனியாக வந்துவிட்டதே, வெற்றி என்று வைத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள். ஒரு வருஷம் நீளம் தாண்டலில் பள்ளிக்கூடத் தாளாளரின் மகள் பலகையைத் தாண்டி ஒரு கட்டைவிரல் அளவு மிதித்துவிட்டாள், மற்ற டீச்சர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நான் சிவப்புக் கொடியைத் தூக்கினேன். தாளாளர் அறைக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்துப் பேசினார், காப்பியைக் குடித்தேன், கொடியை இறக்கவில்லை. அந்த நவமணிதான் இப்போதும் கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஃபவுல். வலது கை தோற்றுவிட்டது.

அப்படியானால் காரில் ஏற வேண்டும். சொன்ன சொல். முன் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டையும் எப்சியே மாட்டிவிடுவாள், வழியெல்லாம் ஏசி போதுமா அக்கா, ஏசி போதுமா அக்கா. செடியைக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்பாள், கோயிலில் தினமும் வேளாவேளைக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள், இலை தழைத்துக்கொண்டு நிற்கும், ஈஸ்டருக்கு யாராவது கடையில் சரம் வாங்கிப் போடுவார்கள், அதுவும் மல்லிகைதான், என்ன வித்தியாசம். எனக்கு அழுகை வந்தது, வந்ததைத் துடைத்ததும் வலது கைதான், அதற்கு மட்டும் வந்துவிட்டது. இடது கையால் வெட்டினால் என்ன. வெட்டலாம், எப்போதோ வெட்டியிருக்கலாம், இடதில் பலம் அப்படியே இருக்கிறது. ஆனால் பந்தயம் வலது கையில். ஏன் வலது கையில்? கர்த்தருடைய சிலுவைக்குப் போகிற பூவைப் பீச்சாங்கையால் தொடுவதா என்று சின்ன வயதிலிருந்து ஊறின கூச்சம் ஒன்று, விபூதி வாங்குகிற பிரமநாயகிக்கும் திருவிருந்து வாங்குகிற எனக்கும் இதில் மட்டும் வேறுபாடு கிடையாது. இன்னொன்று, அதைச் சொல்லிவிடுகிறேன், வலது கை திரும்பி வந்தால்தான் நான் நானாகத் திரும்பி வந்ததாக அர்த்தம் என்று வைத்திருந்தேன். யார் வைத்தது? நான்தான் வைத்தேன். பயத்தில் வைத்தேன். பயந்தவள் போடுகிற விதி விதியாகுமா. பேச்சியம்மாள் என்று ஒருத்தி, எட்டாவது படிக்கும்போது குண்டு எறிய வந்தாள், இரும்பைக் கையில் கொடுத்தால் வாங்காமல் நிற்கிறாள், "நான் பீச்சாங்கைக்காரி டீச்சர்," என்று முணுமுணுத்தாள், பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தன. நான் விதிப்புத்தகத்தை மைதானத்துக்கே வரவழைத்துச் சத்தமாக வாசித்தேன், தோளிலிருந்து, ஒரு கையால் மட்டும். எந்தக் கை என்று போட்டிருக்கா, யாராவது காட்டுங்க பாப்போம் என்றேன், ஒருத்தியும் காட்டவில்லை. பேச்சியம்மாள் அந்த வருஷம் மாவட்டத்தில் முதலாவது வந்தாள், மெடலை இடது கையாலேயே வாங்கினாள், கொடுத்த அதிகாரி முகம் கோணியது, நான் கைதட்டினேன். ஊரான் பிள்ளைக்கு அத்தனை சத்தமாக வாசித்துக் காட்டின விதியை எனக்கு ஒரு தடவை வாசித்துக்கொள்ளத் தோன்றவில்லை. இது சமாளிப்பா, தோற்றுப்போனவள் தேடுகிற சந்துபொந்தா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இல்லை. வலது கைக்குக் கொடியைத் தூக்கியாயிற்று, அது முடிந்தது. அடுத்த ஆள் களத்துக்கு வரலாம்.

கத்திரி வலது கைக்காரர்களுக்காகச் செய்தது, இடதில் பிடித்தால் கத்தி தப்பான பக்கம் உட்காருகிறது, கணுவுக்கு மேலே கட்டையாக மிச்சம் நிற்கிறது. எனவே நான் இடம் மாறினேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் போய், கத்திரியைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து மேலாக. வலது கையைச் சும்மா விடவில்லை, கிளை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பிடித்துக்கொண்டது, அதற்குப் பிடிப்பது தெரியாவிட்டாலும் பிடித்துக்கொண்டது, குண்டு எறியும்போதும் மற்றக் கை சும்மாவா இருக்கிறது, அதுதானே உடம்பை நிறுத்துகிறது. நசுங்கின கிளையை அடுத்த கணு வரைக்கும் இறக்கி வெட்டினேன். நறுக். சாய்வாக, சுத்தமாக, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. எனக்குள்ளே குப்பென்று ஒன்று ஏறியது, மேடையில் பேர் வாசிக்கும்போது ஏறுமே, அது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றையும் விடாமல், உள்பக்கம் பார்த்த கிளையை அடியோடு எடுத்து, காய்ந்ததை எடுத்து, பிரமநாயகி ஊட்டி வளர்த்த துளிரையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் எடுத்தேன். வெயில் ஏறிவிட்டது. முதுகு வலித்தது, இடது உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது, அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. வெட்டுவாயிலெல்லாம் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். கடைசியில் தொட்டியில் ஏழெட்டு மொட்டைக் குச்சிகள் மட்டும் நின்றன, தெரியாதவர்கள் பார்த்தால் செத்த செடி என்பார்கள், தெரிந்தவர்கள் பார்த்தால் யார் வெட்டியது என்று கேட்பார்கள்.

எப்சி தெரிந்தவள். கீழே ஹாரன் கேட்டது, பிரமநாயகியிடம் ஏதோ பேசுவது கேட்டது, மூச்சு வாங்க மேலே வந்து நின்றாள், என்னைப் பார்க்காமல் செடியைத்தான் முதலில் பார்த்தாள், அம்மா மல்லி வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. குனிந்து ஒவ்வொரு வெட்டாக விரலால் தடவிப் பார்த்தாள். "யாருக்கா வெட்டுனது? பிரமநாயகியம்மாவா?" "நான்." "சும்மா சொல்லாத. ஒன் கையில டம்ளரே நிக்கமாட்டேங்கு." "இடது கையால வெட்டுனேன்." எப்சி நிமிர்ந்தாள். தரையில் கிடந்த குச்சிகளுக்குள்ளிருந்து அந்த நசுங்கின துண்டைச் சரியாகப் பொறுக்கி எடுத்துக் காட்டினாள். "அப்போ இது?" "அது வலது கை. முடியல எப்சி. மூணு தடவ பாத்தேன், முடியல. இனியும் முடியாதுன்னுதான் நெனைக்கேன்." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, டாக்டரிடம்கூட, எனக்கேகூட. சொன்னதும் அவள் ஓடிவந்து பிடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் வரவில்லை, துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "பெட்டி கட்டலையா?" "கட்டல. நான் வரல. ஒன் மேல கோவம் இல்ல, ஒன் வீட்டுல குறையும் இல்ல, நான் வரல." எப்சி அழுதாள், அழுதுகொண்டே கோபப்பட்டாள், எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். "தனியா விழுந்து கெடந்தா யாருக்கா பாப்பா? இன்னொரு தடவ வந்தா? மத்தக் கையும் போச்சுன்னா?" "போனா ஒனக்குப் போன் பண்ணுதேன். வாயாலதான பண்ணனும்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது, செடியைக் காட்டி, "இவ்ளோவும் பண்ணி, இது ஈஸ்டருக்குப் பூக்கலைன்னா என்ன செய்வ?" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இந்த வருஷம் சிலுவை மூளியாகவேகூட இருந்துவிடலாம். "பூக்கலைன்னா அடுத்த வருசம் பூக்க வைப்பேன். இங்கதான இருப்பேன்." எப்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கைப்பிடிச்சுவர் ஓரமாகப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, என் பெட்டிகளுக்காகத் திறந்து வைத்திருந்த டிக்கியை மூடச் சொன்னாள்.